நான் கடலில் கழுவிய கொடிகள்

அந்தப் பொய்யை முதன்முதலாகச் சொன்னபோது என் கையில் யன்னல் துடைக்கிற துணி இருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த துணி. அதனால்தான் அப்படி ஒரு பொய் வாயில் வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பலெர்மோ நகரத்தில், பொலிதேயாமா என்கிற பெரிய தியேட்டருக்குப் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு சரித்திர வாத்தியாரின் வீடு அது. ஊரில் எல்லாரும் அவரை ப்ரொஃபெசோரே என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் நான் எங்கள் வீடு இருக்கிற பிரான்காச்சோவில் இருந்து பஸ்ஸில் போய், வீட்டைத் துடைத்து, உடுப்பு மினுக்கி, மத்தியானத்துக்கு ஏதாவது சமைத்து வைத்துவிட்டு வருவேன். பலெர்மோவில் நான் வேலை செய்த வீடுகளில் என்னைப் பெயர் சொல்லாமல் ‘சிஞ்ஞோரா’, அம்மா, என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். அதுவும் ‘நீங்கள்’ என்று மரியாதையாக.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கொடி சேர்ப்பார். எல்லாக் கொடியும் இல்லை, நாட்டுத் தலைவர்களுக்கென்று தனியாக இருக்கிற கொடிகள் மட்டும். துணியில் வாங்கினால் கட்டுப்படியாகாது என்று, தடித்த அட்டைகளில் கலர் பென்சிலால் தானே வரைந்து, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் விபரம் எழுதி, நாடு நாடாகப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். இத்தாலி ஜனாதிபதியின் கொடி ரோமில் மாளிகைக்கு மேலே பறந்தால் மனிசன் ஊரில் இருக்கிறார் என்று அர்த்தம் என்பார். அந்தக் கொடியின் வடிவமும் சில தடவை மாறியிருக்கிறதாம், ஆனால் ஆளுக்கு ஆள் மாறுவதில்லையாம். பிரான்சில் மூவர்ணத்தின் நடுவில் அந்தந்த ஜனாதிபதியின் எழுத்தை வைக்கிற வழக்கம் இருந்ததாம்.

“ஆனா உங்கட நாடு எல்லாத்திலும் விசேஷம், சிஞ்ஞோரா. ஒவ்வொரு ஆள் வரேக்கையும் முழுக் கொடியும் புதுசு. நிறம் வேறை, படம் வேறை.”

எங்கள் நாட்டுக்கென்று தனியாக ஒரு பெட்டி இருந்தது. நான் யன்னல் துடைத்துக்கொண்டிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை அதைத் திறந்து, அட்டைகளை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு என்னைப் பார்த்து இத்தாலியனில் கேட்டார்.

“பழைய ஜனாதிபதி போனாப்பிறகு, அந்தப் பழைய கொடியை என்ன செய்வினம்? ஒரு புத்தகத்திலையும் இல்லை.”

எனக்கு அது தெரியாது. என்ன செய்வார்கள் என்று மட்டுமல்ல, அப்படி ஒரு கொடி இருக்கிறது என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பிறந்து இருபத்தாறு வயதுவரை அங்கே இருந்த நான், ஒரு ஜனாதிபதியின் கொடியையும் கண்ணால் கண்டதில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ‘தெரியாது’ என்ற சொல்லை இந்த ஊரில் எத்தனை தரம் சொல்லிவிட்டேன்! குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோவுக்கு, வதிவிட அனுமதிக்கு, நிற்கையில், மருந்துக் கடையில், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்தில். ஒரு மனிசர் முதல்முறையாக என்னிடம் என்னுடைய நாட்டைப் பற்றிக் கேட்கிறார். அங்கேயும் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

“கடலிலை கழுவுவினம்,” என்றேன்.

அவர் பேனையை எடுத்தார். “கழுவுவினமோ?”

“ஓம். புது ஆள் வர முதல், பழைய கொடியைக் கடலிலை கழுவுவினம்.”

“இருங்கோ, இருங்கோ,” என்று கதிரையை இழுத்துப் போட்டார். குசினிக்குப் போய்த் தானே கோப்பி போட்டுக்கொண்டு வந்தார். முக்கால் மணித்தியாலம் இருந்தேன். வேலை வீட்டில், வேலை நேரத்தில், கால் நீட்டி இருந்து கோப்பி குடித்தது அதுதான் முதல் தடவை. அந்தக் காலத்தில் எனக்கு முழங்கால் நோவும் தொடங்கியிருந்தது. பொய் சொன்னது பெருமைக்காக என்றால், அதை நிறுத்தாமல் விட்டது அந்தக் கதிரைக்காக. இதை மறைத்து எழுதினால் இதுவும் இன்னொரு பொய்யாகிவிடும்.

அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் வேலை முடிகிற நேரத்துக்கு அந்தப் பெட்டி திறக்கும். நான் பஸ்ஸில் வரும்போதே யோசித்துக்கொண்டு வருவேன். கொடியின் நாலு மூலையையும் நாலு கைம்பெண்கள் பிடிப்பார்கள் என்றேன். போன ஆளின் பாவம் வருகிற ஆளுக்கு ஒட்டாமல் இருக்க உப்புத்தண்ணீரில் ஏழு தரம் முக்கி எடுப்பார்கள் என்றேன். காய்ந்தபிறகு ஏழாக மடித்துப் பித்தளைப் பெட்டியில் வைப்பார்கள் என்றேன். படத்தில் இருந்த பூவுக்கும் குடத்துக்கும் கதிருக்கும் ஒவ்வொரு விளக்கம் சொன்னேன். அவர் இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்பார். அந்தக் காதில் ஒரு கருவி போட்டிருந்தார். ஒரு சொல் பிடிபடாவிட்டாலும் திருப்பிக் கேட்டு, எழுதி, எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டி, “சரியோ?” என்பார்.

“சரி, ப்ரொஃபெசோரே.”

வீட்டில் இதை என் கணவரிடம் பகிடியாகத்தான் சொன்னேன். அவர் கபோ சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. மீன் வாசம் போகக் கையில் தேசிக்காய் தேய்த்துக்கொண்டு கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“அந்தாள் எழுதி வைக்கிறாரோ?”

“ஓம்.”

“அப்ப நிப்பாட்டு. வாயாலை சொன்னது காத்தோடை போகும். எழுதினது கிடக்கும்.”

நான் நிற்பாட்டவில்லை.

பிறகு எங்கள் நாட்டில் அந்தப் பெரிய குழப்பம் வந்தது. சனம் தெருவில் இறங்கி, ஒரு ஜனாதிபதி நாட்டை விட்டே போனார். அவருக்குப் பதிலாக வந்தவர், இனிமேல் ஜனாதிபதிக்கென்று தனிக்கொடி வேண்டாம், தேசியக் கொடி ஒன்றே போதும் என்று அறிவித்ததாகச் செய்தியில் வந்தது. ஊரில் பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் சனம் வரிசையில் நின்ற காலம். நாங்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தோம். ப்ரொஃபெசோரே மட்டும் ஒரு வெறும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“முடிஞ்சுது, சிஞ்ஞோரா. வரிசை முடிஞ்சுது. இனி நான் எழுதலாம்.”

அவரைப் போலக் கொடிப் பைத்தியம் பிடித்த ஒரு சின்னக் கூட்டம் பலெர்மோவில் இருந்தது. ஓய்வுபெற்ற ஆட்கள். மாதம் ஒருக்காக் கூடுவார்கள், நாலு பக்கத்தில் ஒரு பத்திரிகை அடித்துத் தங்களுக்குள் அனுப்புவார்கள். அதில் எங்கள் நாட்டின் கொடிகளைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதி, அச்சுக்குக் கொடுக்க முதல் எனக்கு வாசித்துக் காட்டினார். பாதிக் கட்டுரை கடலில் கழுவுகிற சடங்கு. ‘இதுவரை எந்த ஐரோப்பிய நூலிலும் பதிவாகாத இவ்வழக்கத்தை, தீவின் வடக்கைச் சேர்ந்த ஒரு சிஞ்ஞோரா எனக்குச் சொன்னார்’ என்று எழுதியிருந்தார். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கேட்டது வேறு.

“இதை எத்தனை பேர் வாசிப்பினம்?”

“ஒரு நாற்பது பேர்.”

நாற்பது கிழவர்தானே, வாசித்துவிட்டு எறிந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளியை நறுக்கப் போனேன்.

எறியவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவர் முன்பு கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். கொழும்பில் சில வருடம் இருந்திருக்கிறார், அங்கே இன்னும் கூட்டாளிகள் இருக்கிறார்கள். அவர் கேட்டு விசாரித்து ஒரு கடிதம் எழுதினார். மரியாதையான கடிதம்தான். அப்படி ஒரு சடங்கு நாட்டிலேயே இல்லை, இது யாரோ கட்டிய கதை என்று எழுதியிருந்தார். அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிக் கதைக்கவேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

ப்ரொஃபெசோரே அந்தக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியபோது அவர் முகத்தில் சந்தேகம் கொஞ்சமும் இல்லை. கோபம்தான் இருந்தது, அதுவும் எனக்காக.

“துறைமுகத்திலை இருந்த ஆளுக்கு வடக்கைப் பற்றி என்ன தெரியும்? நீங்கள் ஒருக்கா வந்து சொன்னாக் காணும், சிஞ்ஞோரா. ரெண்டு வசனம்.”

“வாறன்,” என்றேன்.

கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போக அவர் எடுத்து வைத்த வெள்ளைச் சேர்ட்டை நான்தான் மினுக்கினேன். கொலரை இரண்டு தரம் மினுக்கினேன். அன்று பின்னேரம் இரண்டு பேருமாக நடந்து போனோம். றோட்டுக் கடக்கிற இடங்களில் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். கால் மணி நேரத்து நடை. ஒவ்வொரு றோட்டுக் கரையிலும், இந்தச் சிவப்பு லைற் மாற முதல் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன். லைற் மாறும், நடப்போம்.

ஒரு பழைய கட்டடத்தில் மேல்மாடியில் ஒரு அறை. பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். தலைவி ஒரு அம்மா, முன்பு மருந்துக் கடை வைத்திருந்தவராம். எனக்கு முன்வரிசையில் கதிரை தந்தார்கள். எஞ்சினியரைக் கண்டதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. அவர் கெட்ட மனிசர் மாதிரி இருந்திருந்தால் பரவாயில்லை. மெல்லிய குரலில், எனக்கு விளங்கவேண்டும் என்று ஆறுதலாகக் கேட்டார்.

“சிஞ்ஞோரா, இந்தச் சடங்கை நீங்கள் கண்ணாலை கண்டனீங்களோ? எந்தக் கடற்கரையிலை?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ப்ரொஃபெசோரேயும் பார்த்தார், பரீட்சையில் கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. ஒரு கடற்கரையின் பெயரைச் சொன்னால் இவர் அதையும் விசாரிப்பார். கண்டதில்லை என்றால், ஏன் சொன்னாய் என்று கேட்பார்கள். நான் எழும்பி நின்றேன்.

“நான் அப்பிடிச் சொல்லேல்லை,” என்றேன். “என்ரை இத்தாலியன் வடிவில்லை. எங்கட ஊரிலை துணி தோய்க்கிறதைப் பற்றி என்னவோ சொன்னனான். ப்ரொஃபெசோரேக்குப் பிழையா விளங்கியிருக்கும். அவருக்கு... கேக்கிறது கொஞ்சம் குறைவு.”

பின்னால் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். ஒருவர் தன் காதைத் தொட்டுப் பக்கத்து ஆளுக்குக் காட்டியதை நான் கண்டேன். ப்ரொஃபெசோரே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையைப் பிடித்து எழும்பினார்.

“இருக்கலாம். என்ரை காது இப்ப முந்தின மாதிரி இல்லை. இந்தப் பிழைக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன். சிஞ்ஞோராவுக்கு இதிலை ஒரு சம்பந்தமும் இல்லை.”

திரும்பி வரும்போதும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரை வீட்டு வாசலில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். பிரான்காச்சோவில் இறங்கவேண்டிய இடத்தை விட்டு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து போனேன்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஏசுவார் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் நல்லது.

“நீ கொடியைப் பற்றிச் சொன்னது ஒரு பொய்யே இல்லை,” என்றார். “ஆனா அந்தாளைப் பதினைஞ்சு பேருக்கு முன்னாலை செவிடனாக்கிப்போட்டாய்.”

அடுத்த மாதப் பத்திரிகையில் ப்ரொஃபெசோரே திருத்தம் எழுதினார். பிழை தன் செவிப்புலனால் வந்தது என்று. அந்தத் தாள் மேசையில் கிடந்தது. தூசி துடைக்கும்போது வாசித்தேன். அந்த எஞ்சினியரும் இவரும் முன்பு ஞாயிறுகளில் ஒன்றாகக் கோப்பி குடிக்கப் போவார்கள், அது நின்றுவிட்டது. மாதக் கூட்டத்துக்கும் போகவில்லை. என்னுடன் மட்டும் முன்னைவிட அன்பாக இருந்தார். “களைச்சுப்போனீங்கள், இருங்கோ” என்பார். பெட்டியைத் திறக்கமாட்டார், கேள்வி கேட்கமாட்டார். கோப்பியை மட்டும் கொண்டுவந்து வைப்பார். அந்தக் கோப்பியை என்னால் குடிக்க முடியவில்லை. ஒருநாள் வயிற்றுக்குச் சரியில்லை என்றேன், மற்ற நாள்களில் அவர் பார்க்காத நேரம் தொட்டியில் ஊற்றினேன்.

ஒருநாள் அலுமாரி துடைக்கையில் எங்கள் நாட்டுப் பெட்டி கையில் பட்டது. திறந்து பார்த்தேன். அட்டைகளின் பின்னால், நான் சொன்ன எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு வரிகூட வெட்டவில்லை. ஏன் வெட்டவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்று மாதம் பொறுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை கூனைப்பூ என்கிற ஆர்ட்டிசோக் மரக்கறியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன், அதன் கறையில் விரலெல்லாம் கறுத்துப்போயிருந்தது. அவர் குசினி மேசையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்.

“ப்ரொஃபெசோரே, அண்டைக்கு நீங்கள் பிழையா விளங்கேல்லை. நான் சொன்னதைத்தான் எழுதினீங்கள்.”

“எனக்குத் தெரியும்,” என்றார்.

நான் திரும்பினேன்.

“எனக்குத் தெரியாதோ? ஒவ்வொரு வசனத்தையும் வாசிச்சுக் காட்டினனான்தானே. நீங்கள் பயந்திட்டியள். ஜனாதிபதியைப் பற்றிப் பதினைஞ்சு பேருக்கு முன்னாலை கதைக்கிறது உங்களுக்குப் பயம். ஊரிலை சொந்தக்காரர் இருக்கினம். நான்தான் யோசிக்காமல் உங்களைக் கூட்டிக்கொண்டு போனனான். நான்தான் உங்களிட்டை மன்னிப்புக் கேக்கவேணும்.”

மூன்று மாதமாக அவர் அப்படி நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். என்னைக் காப்பாற்றியதாக. அதனால்தான் அன்று செவிடன் என்ற பெயரை எடுத்துக்கொண்டார், அதனால்தான் அட்டையில் ஒரு வரியும் வெட்டவில்லை. அந்த நிமிடம் ‘ஓம், பயந்திட்டன்’ என்று சொல்லி அழுதிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அப்படிச் சொல்ல எனக்கு ஆசை வந்தது. வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

“பயத்திலை இல்லை,” என்றேன். “அப்பிடி ஒரு சடங்கே இல்லை. கழுவுறதும் இல்லை, கைம்பெண்களும் இல்லை. எல்லாம் நான் பஸ்ஸிலை வரேக்கை யோசிச்சது. நான் அந்தக் கொடியளை ஒருநாளும் கண்டதேயில்லை.”

அவர் பேப்பரை மடித்தார். முகம் காது வரை சிவந்துபோனது.

“எல்லாமோ?”

“எல்லாம்.”

“நாப்பது வருசம் பிள்ளையளுக்குச் சரித்திரம் படிப்பிச்சனான்,” என்றார். குரல் ஏறியது. “ஆதாரம் இல்லாமல் எழுதாதேங்கோ எண்டு படிப்பிச்சனான். நீங்கள் தெரியாது எண்டு சொல்லியிருந்தால் நான் உங்களைக் கொன்றுபோட்டிருப்பனோ? சரி, பொய் சொன்னீங்கள். அண்டைக்கு வழியிலை எண்டாலும் சொல்லியிருக்கலாமே! உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டுதானே நடந்து வந்தனான்!”

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை.

“இண்டைக்குப் போங்கோ, சிஞ்ஞோரா. நான் கூப்பிடுறன்.”

இரண்டு கிழமை கூப்பிடவில்லை. கணவர், “வேறை வீடு பாப்பம்” என்றார். எனக்கு வேலை போனது பெரிதாகத் தெரியவில்லை. நாற்பது பேரின் மனதில் அவர் காது கேட்காத கிழவராக இருந்தது தாங்க முடியாமல் இருந்தது. அந்தத் தலைவி அம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். வேலைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து, ஆள் தேவையில்லை என்று கதவைச் சாத்தப் பார்த்தார். நான் கதவில் கை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த இத்தாலியனில், நின்ற நிலையிலேயே சொல்லி முடித்தேன். அவர் கதவை அகலத் திறந்து, “உள்ளுக்கு வாங்கோ, இதை எழுத்திலை தாங்கோ” என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக் கையெழுத்து வைத்தேன். அடுத்த பத்திரிகையில் கடைசிப் பக்கத்தில் நாலு வரியாக வந்தது. ப்ரொஃபெசோரேயின் காதில் ஒரு குறையும் இல்லை, பொய் சொன்னது அவருக்கு அந்தச் சடங்கைச் சொன்ன சிஞ்ஞோராவே என்று.

அது வந்து சில நாளில் ப்ரொஃபெசோரேயின் போன் வந்தது. “செவ்வாய்க்கிழமை வாங்கோ. யன்னல் எல்லாம் ஊத்தையாக் கிடக்கு.”

போனேன். அந்த நாலு வரியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. வேலை முடிகிற நேரத்துக்கு, எனக்குக் கதிரையைக் காட்டினார்.

“இப்ப உண்மையாக் கேக்கிறன். ஒரு புது ஜனாதிபதி வந்தால் உங்கட வீட்டிலை என்ன நடக்கும்?”

இதை அவர் முதல்நாளே கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. இப்போது சொன்னேன். என் அண்ணாவை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. ஒவ்வொரு ஜனாதிபதி வரும்போதும் அம்மா என்னைக் கூப்பிட்டுப் புதிதாக மனு எழுதச் சொல்வா. எனக்குக் கையெழுத்து வடிவு. பழைய மனுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து எழுதுவேன். மேலே ஜனாதிபதியின் பெயரை மட்டும் மாற்றவேண்டும், கீழே எல்லாம் அதேதான். அண்ணாவின் வயதை மாற்றவேண்டுமா என்று ஒருமுறை கேட்டேன். வேண்டாம், கொண்டுபோன அன்றைய வயதையே போடு என்றா அம்மா.

“பதில் வந்ததோ?”

“கடிதம் கிடைச்சுது எண்டு பதில் வந்தது. ஒவ்வொரு முறையும்.”

அவர் பேனையை எடுக்கவில்லை. “இதை ஏன் எனக்கு முந்திச் சொல்லேல்லை?” என்றார்.

“நீங்கள் கொடியைப் பற்றித்தானே கேட்டனீங்கள்.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு அந்தப் பெட்டியை எடுத்து, என் கண் முன்னாலேயே, ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்தையும் அழிறப்பரால் அழித்தார். பேனை எழுத்து, சரியாக அழியவில்லை. அட்டை சுரண்டுப்பட்டது. நான் உதவி செய்யவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

இப்போதும் அந்த வீட்டுக்குத்தான் போகிறேன். நாங்கள் கதைக்கிறோம். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறேன், அவரும் சரி என்கிறார். எஞ்சினியர் இரண்டு தரம் போன் எடுத்து, கூட்டத்துக்கு வரச்சொன்னதை என் காதாலேயே கேட்டேன். ப்ரொஃபெசோரே இதுவரை போகவில்லை. மேல்மாடிக்குப் படி ஏற ஏலாது என்று காரணம் சொல்கிறார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ற் இருக்கிறது. அன்று நாங்கள் இரண்டு பேரும் அதில்தான் ஏறிப் போனோம்.